அவங்ககிட்ட என்னா சொன்ன?

அந்த அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் எனக்கு ஏற்பட்ட தொல்லை கொஞ்சநஞ்சமல்ல.

இங்கிலீஷ் தெரியாத வேறு ஆட்களும் எங்கள் தோட்டத்தில் நிறைய உண்டு. அவர்களால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. நான் வெள்ளைக்காரர்களிடம் பேசும்போது என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "நம்ம லயத்துப் பய என்னா போடு போடுறான் பாரு" என்பார்கள். அதைக் கேட்டு நானும் நாலு சொல் கூடுதலாகப் போடுவேன். அக்கா மட்டும் நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்குவார். பிறகு கேட்பார்:

"அவங்ககிட்ட என்னா சொன்ன?"

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், ஒரு காலத்தில் துரைமார் குடியிருந்த பங்களாவை ஹோட்டலாக்கினார்கள். அங்கே தங்க வருகிற வெளிநாட்டவர்களைத் தேயிலை மலைக்குக் கூட்டிப்போய், எங்கள் சனங்களின் வாழ்க்கை, பாட்டு, கூத்து, சாமி எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வது என் வேலை. அந்தத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவன் என்பது என் ஒரே தகுதி. அதோடு ஒரு சீருடையும் தந்தார்கள். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, பூண் போட்ட பிரம்பு. அசல் கங்காணி வேஷம். என் பூட்டனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு விரட்டியவன் எந்தக் கோட்டைப் போட்டிருந்தானோ, அதே கோட்டை நான் இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டேன். அது என் உடம்புக்கு இரண்டு பங்கு பெரிது. தூரத்தில் வரும்போது கோட்டு மட்டும் தனியாக நடந்து வருவதுபோல் இருக்குமாம். கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் அக்கா நிமிர்ந்து பார்த்து ஒரு கும்பிடு போடுவார்.

"கங்காணி ஐயா வாங்க. இன்னைக்கு எத்தன பேரக் கப்பலேத்தப் போறீங்க?"

மலை முழுக்கச் சிரிக்கும். என்னோடு வந்த வெள்ளைக்காரர்களும் சிரிப்பார்கள். எதற்கென்று தெரியாமலே சிரிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

எங்களுடைய முதல் மோதல் ஒரு ஜெர்மன்காரரால் வந்தது. அக்காவிடம் நின்று, இந்த வேலையைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அக்கா கையை நிறுத்தாமல் பேச ஆரம்பித்தார். மழைக்காலத்தில் அட்டை எங்கெங்கே ஏறும் என்று சொன்னார். போன மாதம் அடுத்த மலையில் சிறுத்தை படுத்திருந்ததைச் சொன்னார். கொழுந்து நிறுக்கும் தராசடியில் பைக்கு என்று கொஞ்சம், ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழிப்பதைச் சொன்னார். இந்தத் தேயிலை நிரையில்தான் தன் அம்மாவும் கொழுந்து எடுத்தார் என்றார். மூடுபனி விலகினால் கீழே பள்ளத்து நாடு கண்ணுக்கு எட்டியவரை தெரியும், சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை என்றும் சொன்னார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜெர்மன்காரரிடம் திரும்பினேன். அவர் தன் வேலையில் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

"அவங்ககிட்ட என்னா சொன்ன?"

"நீங்க சந்தோஷமா இருக்கீங்கன்னு சொன்னேங்க்கா."

"அவ்வளவுதானா?"

"சுருக்கமாத்தாங்க்கா சொல்லணும். அவங்களுக்கு நேரமில்ல."

அக்கா கொழுந்துப் பையை இறக்கி வைத்தார். அது நல்ல சகுனமல்ல.

"தராசுல பைக்குக் கழிக்கிறான். தண்ணிக்குக் கழிக்கிறான். நீ எதுக்குடா கழிக்கிற? என் பேச்சுல எங்க தண்ணி இருக்கு?"

என் பிரம்பைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, முழுவதையும் சொல்ல வைத்தார். ஒவ்வொன்றையும் தமிழில் பேர் சொல்லிவிட்டு நான் இங்கிலீஷில் சொல்ல, அவர் விரல்மடக்கி எண்ணிக்கொண்டார். "சிறுத்த வரல," என்று நடுவில் ஒரு தடவை நிறுத்தினார். சிறுத்தையையும் சொன்னேன். அட்டையைச் சொன்னபோது ஜெர்மன்காரர் குனிந்து தன் காலுறையைப் பார்த்தார். அங்கே ஒன்று நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது. என் விளக்கவுரைகளிலேயே உடனடியாக நிரூபணமானது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு தப்பவே முடியவில்லை. இங்கிலீஷில் சொன்னதையெல்லாம் திருப்பித் தமிழில் ஒப்பிக்க வேண்டும். ஒருநாள், "இந்தச் சனங்க சாமி மேல ரொம்பப் பக்தியானவங்கன்னு சொன்னேன்" என்றேன்.

"இந்தச் சனங்கன்னா?"

"நம்ம தோட்டத்துச் சனங்க."

"அதுல நீ இல்லியா? நீ எந்தச் சனம்? கோட்டுச் சனமா?"

"தொழில்ல நிக்கும்போது நான் கொஞ்சம் தள்ளி நிக்கணும்க்கா."

"தள்ளி நில்லு, தள்ளி நில்லு. பின்னால பள்ளம், பாத்துக்க," என்றார். நிஜமாகவே பின்னால் பள்ளம் இருந்தது.

ஹோட்டலின் வரவேற்பறையில் ஆளுயரப் படம் ஒன்று மாட்டியிருந்தார்கள். சிவப்புச் சேலையும் தலையில் பூவுமாக ஒரு பெண் பிரம்புக் கூடையோடு சிரிப்பாள். கீழே இங்கிலீஷில் ஒரு வரி. ஏதோ காரியமாக என்னைத் தேடி வந்த அக்கா, அன்றைய உடையிலேயே படத்துக்கு எதிரே நின்றார். கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் படங்கு, தலையில் கம்பளித் தொப்பி.

"யாரு இந்தப் புள்ள? எந்த மலைல எடுக்குறா?"

"போட்டோவுக்காகக் கொழும்புலருந்து வந்தவங்க்கா."

"அதான் ரெண்டு கையும் சும்மா இருக்கு. கீழ என்னா எழுதியிருக்கு?"

"சாந்தமும் புன்சிரிப்பும் நெறஞ்ச மலைநாட்டு மக்கள்னு."

அக்கா சிரித்த சிரிப்பில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

"யாருடா சாந்தம்? நாங்க சாந்தமா இருந்திருந்தா லயத்துக்குக் கரண்டு வந்திருக்காது, இன்னும் குப்பி விளக்குத்தான் எரியும். ஸ்டோரு வாசல்ல குந்திக்கிட்டு ஒரு தேயிலப் பொட்டியக்கூட வெளிய விடாம இருந்தோமே, அதுக்கு இங்கிலீசுல என்னா?"

தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த மறியலின்போது நான் சிறு பையன். அம்மா மடியில் உட்கார்ந்து நானும் மறித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஓர் இங்கிலீஷ் சொல்லைச் சொன்னேன்.

"அத எழுதச் சொல்லு," என்றார்.

எழுதவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அக்கா படத்தைப் பார்த்து விசாரிப்பார். "என்னா தாயி, இன்னும் ஒரு கொழுந்துகூட எடுக்கலியா?"

அக்காவின் கணவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது. ஸ்டோரில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை. நெடிய ஆள். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அவருடைய மீசை பேசும். மாசி பிறந்தால் அந்த மீசை இருக்காது. காமன் கூத்தில் அவர்தான் ரதி.

காமன் கூத்து எங்கள் மலைநாட்டுத் தோட்டங்களின் பெரிய காரியம். தவத்தில் இருக்கும் சிவன்மேல் மன்மதன் பூக்கணை விடுவான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனை எரித்துவிடுவார். ரதி தாலியறுத்து நிற்பாள். லயத்துப் பெண்கள் எல்லோரும் கூடி ஒப்பாரி வைப்பார்கள். மூன்றாம் நாள் விடியலில் மன்மதனை எழுப்பி, ரதிக்கு மறுபடி தாலி கட்டுவார்கள். ரதியாக ஆடுகிற ஆண் கையில் காப்புக் கட்டிக்கொண்டால், மன்மதன் எழும்பும்வரை அதை அவிழ்க்கக்கூடாது. சேலையைக் களையக்கூடாது. தன் வீட்டுப் படியில் ஏறக்கூடாது. எங்கள் தோட்டத்தில் இதில் ஒரு சலுகையும் கிடையாது.

அந்த வருஷம் ரதிக்குச் சேலை எடுக்க அக்காவும் கணவரும் பதுளைக்குப் போனார்கள். பெட்டி தூக்க நானும் போனேன். பஜாரில் ஒரு துணிக்கடை. இந்தியாவிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பம்.

"யாருக்கும்மா சேல?"

"இவருக்கு."

முதலாளி மீசையைப் பார்த்தார். மீசை முதலாளியைப் பார்த்தது. பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிங்கள அம்மாவும் பார்த்தார். முதலாளி அவர் பக்கம் சாய்ந்து, சிங்களத்தில் மெல்ல ஏதோ சொல்லிச் சிரித்தார்.

அக்காவுக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். இருந்தும் கேட்டார்: "முதலாளி, அந்த நோனாகிட்ட என்னா சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. தோட்டத்து ஆளுங்களுக்கு இப்படியொரு பழக்கம்னு..."

"ஒங்களுக்கு இல்லியா? ஒங்க தாத்தாவும் எங்க தாத்தாவும் ஒரே ஜில்லாவுலருந்துதான வந்தாங்க? நீங்க டிக்கட்டு எடுத்து வந்தீங்க, எங்களக் கூட்டிட்டு வந்தாங்க, அவ்வளவுதான?"

பிறகு அந்த அம்மாவிடம் தானே திரும்பி, சிங்களத்தில் கதையைச் சொன்னார். புருஷனை எரித்துவிடுகிறார்கள். பெண்சாதி விடமாட்டாள். மூன்றாம் நாள் திருப்பி வாங்கிவிடுவாள்.

"எப்படி வாங்குவாள்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"அழுதுதான். வாங்குறவரைக்கும் நிறுத்தமாட்டா."

நான் பிரம்பால் சுட்டிக்காட்டி அரை மணி நேரம் சொல்கிற கதை அது. கல்லாவில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நாலே வரியில் முடித்துவிட்டார். அந்த அம்மா பச்சைச் சேலை ஒன்றை எடுத்து, அக்காவின் கணவர் தோளில் போட்டுப் பார்த்து, அவர் நிறத்துக்கு இதுதான் எடுப்பாக இருக்கும் என்றார். முதலாளியே எழுந்து மடித்துக் கொடுத்தார்.

மன்மதனாக எண்ணி எரிக்கும் காமன் கம்பம் நடுகிற பொட்டல் பங்களாவுக்குக் கீழேதான் எப்போதும் இருந்தது. இப்போது அது ஹோட்டலின் புல்தரை. ஆனால் ஹோட்டல் மெனேஜர் நல்ல மனிதர். கொழும்புக்காரர், இளைஞர். தாராளமாகச் செய்யுங்கள், விருந்தாளிகளும் பார்க்கட்டும் என்றார். எரிக்கிற நேரத்தை மட்டும் இராச் சாப்பாட்டுக்கு முன்னால் வைக்கச் சொன்னார். தோட்டத்துத் தலைவர் ஒத்துக்கொண்டார். கதை என்னவென்று மெனேஜருக்கு நான்தான் எடுத்துச் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தப்பு முழங்கியது. பச்சைச் சேலையில் ரதி ஆடினார். மழித்த மேலுதடு பளபளத்தது. விருந்தாளிகள் நாற்காலிகளில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்க, நான் கோட்டுக்குள் நின்று ஒலிபெருக்கியில் விளக்கினேன். காய்ந்த மானாப் புல் சுற்றிய கம்பத்துக்குத் தீ வைத்தார்கள். மன்மதன் எரிந்தான். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

மெனேஜர் வந்து என் கையைக் குலுக்கி, இங்கிலீஷில் சொன்னார்: "பிரமாதம். கம்பத்தை இன்றைக்கே பிடுங்கிவிடுவார்கள்தானே? திங்கட்கிழமை இங்கே ஒரு கல்யாணம்."

"திங்கட்கிழமை... மூன்றாம் நாள், சேர்," என்றேன்.

"எதற்கு மூன்றாம் நாள்? அதுதான் எரிந்துவிட்டதே. கதை அதோடு முடிகிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

சொன்னதுதான். விருந்தாளிகளுக்கும் எரிவதோடு நிறுத்திவிடுவேன். தீ ஒரு நல்ல முடிவு. அதற்குப் பிறகும் பேசினால் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

அக்கா என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"அவருகிட்ட என்னா சொன்ன?"

சொன்னேன். திங்கட்கிழமைக் கல்யாணத்துக்காகக் கம்பத்தைப் பிடுங்கப் போகிறார்கள் என்பதையும் சொன்னேன்.

"எழுப்பறதயே கழிச்சிட்டியா?"

நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டேன். 

"கம்பத்தப் புடுங்கிட்டா எதுல எழுப்பறது? எம்புருஷன் காப்ப எப்ப அவுக்குறது? வருஷம் பூரா அந்த மனுஷன் விதவையா ஸ்டோருக்குப் போவாரா?" தலைவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தன் செருப்பைப் பார்த்தார். "எரிச்சிட்டுச் சாப்பிடப் போற சனம்னு இவங்க ஊருக்குப் போயிச் சொல்லுவாங்க. நம்ம அந்தச் சனம் இல்ல."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அக்கா தலைமுடியை அவிழ்த்துவிட்டு, புல்தரையில் போய் உட்கார்ந்தார். மற்றப் பெண்களும் தோள்மேல் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். அக்கா எடுத்தார்:

"பூவால அம்பெடுத்துப்
போனீங்களே எஞ்சாமி,
பொசுங்கி விழுந்தீங்களே
புல்லு மேல எஞ்சாமி..."

எங்கள் பக்கத்தில் ஒப்பாரி வைக்கிற பெண்ணை யாரும் இடைமறிக்கமாட்டார்கள். ஊரில் எவனைப் பற்றியும், எதைப் பற்றியும் அவள் அப்போது சொல்லலாம். சொல்லப்பட்டவன் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

விருந்தாளிகளில் வெள்ளை முடியோடு உயரமான ஓர் அம்மா இருந்தார். என்னைப் பக்கத்தில் அழைத்தார். "அழுகிற பெண் யார்? விதவையின் தாயா?"

"இல்லை. மனைவி."

"யாருடைய மனைவி?"

"விதவையுடைய மனைவி."

அவர் சற்று யோசித்தார். "அப்படியானால் செத்தது யார்?"

"கடவுள்."

மேற்கொண்டு கேட்காமல் தலையாட்டினார். நான் வரிவரியாக மொழிபெயர்த்தேன். பூ, அம்பு, பொசுங்கிய மேனி. இரண்டொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் மொழிபெயர்ப்பின் சிறப்பை எண்ணி நானும் கொஞ்சம் கலங்கினேன். அப்போது அக்கா ராகத்தை ஒரு படி ஏற்றினார்:

"கோட்டுப் போட்ட கங்காணி
கொறச்சுத்தான் நிறுத்தானே,
பாதிக் கதைய வித்துப்புட்டுப்
பங்களாவுல நிக்கிறானே..."

தப்படிப்பவர்கள் குனிந்துகொண்டார்கள். தோள்கள் குலுங்கின.

"இப்போது என்ன சொல்கிறார்?" என்றார் உயரமான அம்மா.

"இப்போது... ஒரு கங்காணியைப் பற்றி."

"கதையில் கங்காணி வருகிறானா?"

"இன்றைக்குத்தான் வந்தான்."

கழிக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அக்கா வட்டத்துக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வரியையும் அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். ஒலிபெருக்கியில், என் சொந்தக் குரலில், என்னை நானே. கோட்டைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை எதற்கென்று தெரிந்து சிரித்தார்கள்.

சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் எழவில்லை. செத்த வீட்டில் நடுவில் எழுந்து போவது எந்த நாட்டிலும் வழக்கமில்லை போலிருக்கிறது. மறுபடி மணி அடித்தது. மேலே சூப்பு ஆறிக்கொண்டிருந்தது.

"எப்போது முடியும்?" என்று மெனேஜர் என் காதில் கேட்டார்.

அக்கா மூச்சு வாங்கிய இடைவெளியில் கேட்டேன். பதில் ராகத்திலேயே வந்தது:

"மூணா நாளு வரைக்கும்
முடிமுடிய மாட்டேனே,
மணவறைக்கு முன்னால
மாரடிச்சிருப்பேனே..."

நான் மெனேஜரிடம் திரும்பினேன். "திங்கட்கிழமைவரை இங்கேயே உட்கார்ந்து அழுவாராம். கல்யாணத்திலும்."

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. மணப்பெண் படியிறங்கும்போது ஒப்பாரி கேட்டால் என்ன ஆகும் என்று இந்தத் தீவில் பிறந்த எவருக்கும் தெரியும். மெனேஜரின் முகம் வெளிறியது. "அனே அம்மே," என்றார். புல்தரையில் இறங்கி அக்காவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, சிங்களத்தில் கேட்டார்: "எழுப்புவது எத்தனை மணிக்கு, அக்கே?"

"விடியக்காலம். பெரட்டுக்கு முந்தி."

"கல்யாணம் ஒன்பது மணிக்குத்தானே!"

"அதத்தான் முன்னாடியே கேட்டிருக்கணும்," என்றார் அக்கா. எழவில்லை. என்னைப் பார்த்தார். "கம்பம் நிக்கட்டும். இப்ப நீ அவங்களுக்கு மிச்சத்தச் சொல்லு. கழிக்காம."

சொன்னேன். மன்மதன் எழும்புவதை, தாலி திரும்புவதை, ரதி விடமாட்டாள் என்பதை. எங்கள் பூட்டன்மார் கப்பலில் வந்தபோது கொண்டுவந்தது இந்தக் கதையைத்தான் என்றும், எத்தனை தடவை எரிந்தாலும் மூன்றாம் நாளைத் தருகிறவரை புல்தரையை விட்டு எழுந்திருக்கமாட்டோம், நாங்கள் அப்படிப்பட்ட சனம் என்றும் சொன்னேன். 'நாங்கள்' என்றுதான் சொன்னேன். வாயில் வந்துவிட்டது. பின்னால் பள்ளம் இருந்ததா என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விடியலில் மூடுபனி முழங்கால் அளவுக்கு இருந்தது. நான் கோட்டில்லாமல் கம்பளி ஜேர்சியோடு வந்திருந்தேன். விருந்தாளிகள் போர்வையோடு இறங்கி வந்தார்கள். கல்யாணப் பெண்ணின் தாயாரும், செத்த புருஷன் திரும்பி வருகிற நாள் நல்ல நாள்தானே என்று வந்து நின்றார். மன்மதன் எழும்பினான். மேலுதட்டில் இரண்டு நாள் முள் முளைத்த ரதி, கழுத்தைக் குனிந்து தாலி வாங்கிக்கொண்டார். காப்பு அவிழ்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அவர்களுக்கு நடுவே நின்ற அந்த உயரமான அம்மாவும் குலவையிடப் பார்த்தார். இருமலாக வந்தது. மறுபடி முயன்றார்.

அக்கா முடியை முடிந்துகொண்டு என் பக்கம் வந்தார். ஜேர்சியை மேலும் கீழும் பார்த்தார்.

"அவங்ககிட்ட என்னா சொன்ன?"

"இன்னைக்கு ஒண்ணும் சொல்லலக்கா."

"நெசமாவா?"

"சத்தியமா. அவங்களும் ஒண்ணும் கேக்கல."

அக்கா திரும்பி அந்தக் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார். வெற்றிலையை மறு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"அப்ப ஒனக்கு எதுக்குடா சம்பளம்?" என்று சொல்லிவிட்டு, புருஷனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.